சார்ஜிங் எச்சரிக்கை விளக்கு: டைனமோ காலம் முதல் இன்று வரை

சார்ஜிங் எச்சரிக்கை விளக்கு என்பது மோட்டார் வாகனங்களின் முகப்புப் பலகையில் சிவப்பாக எரியும் சிறு விளக்காகும். சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடுவது இதன் இயல்பு. ஓடும்போதும் அணையாமல் எரிந்தால் வாகனத்தின் மின்னேற்ற அமைப்பில் பழுது உள்ளது என்று பொருள். இன்றைய வாகனங்களில் இவ்விளக்கின் மீது பேட்டரியின் படம் இருப்பதால், விளக்கு எரிந்தால் பேட்டரி கெட்டுவிட்டது என்றே பலரும் எண்ணுகின்றனர். புதுப் பேட்டரி வாங்கி மாட்டிய பிறகும் விளக்கு எரிவதைக் கண்டு திகைக்கின்றனர். உண்மையில் இவ்விளக்கு பேட்டரியின் நலத்தை அளப்பதற்காக உருவானதன்று. அது எப்படித் தோன்றியது, எதைக் காட்டுவதற்காக இணைக்கப்பட்டது என்ற வரலாற்றை அறிந்தால், பழுதைக் கண்டறியும் முறையும் தானாகவே விளங்கிவிடும்.

திருப்புட்குழியும் நெடுஞ்சாலையும்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி அமைந்துள்ள ஊர் திருப்புட்குழி. 108 திவ்விய தேசங்களுள் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயில் இங்குள்ளது. புள் என்றால் பறவை. சடாயுவுக்கு இராமன் இறுதிக்கடன் செய்த இடம் என்பதால் ஊர் இப்பெயர் பெற்றது எனத் தலவரலாறு கூறுகிறது.

அருகிலுள்ள ஊரின் பெயரில் இருக்கும் 'சத்திரம்' என்ற சொல், இந்தச் சாலையில் வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறிய காலத்தை நினைவூட்டுகிறது. முன்பு தேசிய நெடுஞ்சாலை 4 என்று வழங்கிய இச்சாலை, 2010-இல் நடந்த எண் மாற்றத்துக்குப் பிறகு தேசிய நெடுஞ்சாலை 48 எனப்படுகிறது. தங்க நாற்கரத் திட்டத்தின் கீழ் இது அகலப்படுத்தப்பட்டது. திருமணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரத்துக்கு வரும் குடும்பங்களின் வேன்கள், கோயில்களுக்கு வரும் பயணிகளின் பேருந்துகள், திருப்பெரும்புதூர் பகுதித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் லாரிகள் எனப் பலவகை வாகனங்கள் இரவும் பகலும் இவ்வழியே ஓடுகின்றன.

மோட்டார் வாகன மின்னியலின் தமிழக வரலாற்றை இந்தச் சாலையை வைத்தே சொல்லிவிடலாம். இதன் சென்னை முனைக்கு அருகே பாடியில் டைனமோவும் ஆல்டர்னேட்டரும் செய்யும் ஆலை எழுந்தது. வழியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை அமைந்தது. மேற்கே கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதிகளில் இன்று மின்சார இருசக்கர வாகனங்கள் தயாராகின்றன.

விளக்கு தோன்றுவதற்கு முன்

தொடக்க கால மோட்டார் வாகனங்களுக்குப் பேட்டரி கட்டாயமாக இருக்கவில்லை. எஞ்சினை இரும்புக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பினார்கள். 'ஹேண்டில் அடிப்பது' என்பது தமிழ்நாட்டில் அதற்கு வழங்கிய பெயர். எரிபொருளைப் பற்றவைக்கும் பொறியை மேக்னெட்டோ என்ற கருவி தந்தது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1902-இல் உயர் அழுத்த மேக்னெட்டோவைக் கொண்டுவந்த பின் இம்முறை பரவலாயிற்று. இரவில் வெளிச்சத்துக்குக் கார்பைடு விளக்குகள் இருந்தன. கார்பைடு கல்லின் மேல் நீர் சொட்டும்போது எழும் அசிட்டிலீன் வாயுவே அவற்றின் எரிபொருள்.

ஹேண்டில் அடிப்பது ஆபத்தான வேலை. எஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைத்தால் கை எலும்பு முறியும். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. ஸ்டார்ட்டர் வந்ததும் பேட்டரி இன்றியமையாததாயிற்று. பேட்டரி வந்ததும் ஓடும் வண்டியிலேயே அதற்கு மின்னேற்றும் டைனமோவும் தேவைப்பட்டது. ஸ்டார்ட்டர், பேட்டரி, டைனமோ ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்த அமைப்பாக இவ்வாறே உருவாயின. இவற்றில் ஒன்று நின்றால் சிறிது நேரத்தில் மற்றவையும் நின்றுவிடும். ஆகவே டைனமோ வேலை செய்கிறதா என்பதை ஓட்டுநருக்கு அறிவிக்க ஒரு வழி வேண்டியிருந்தது.

அம்மீட்டரிலிருந்து விளக்குக்கு

முதலில் வந்த வழி அம்மீட்டர். நடுவில் சுழி, ஒரு பக்கம் கூட்டல் குறி, மறுபக்கம் கழித்தல் குறி. முள் கூட்டல் பக்கம் சாய்ந்தால் பேட்டரிக்குள் மின்னோட்டம் செல்கிறது; கழித்தல் பக்கம் சாய்ந்தால் பேட்டரியிலிருந்து வெளியேறுகிறது. திருவொற்றியூரில் 1955 முதல் உருவான என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிளின் முன்விளக்குக் கூட்டின் மேல் பல பத்தாண்டுகள் இருந்த சிறு வட்ட மீட்டர் இதுதான். ஹாரன் அடிக்கும்போது முள் துள்ளுவதைப் பழைய புல்லட் ஓட்டியவர்கள் அறிவார்கள்.

அம்மீட்டர் அளவைச் சொல்லும். ஆனால் அதைப் படிக்கப் பழக்கம் வேண்டும். வரவு இவ்வளவு இருந்தால் போதும், இவ்வளவு குறைந்தால் பழுது என்று ஓட்டுநரே முடிவுசெய்ய வேண்டும். மேலும் வண்டியின் மின்னோட்டம் பெரும்பாலும் அந்த மீட்டர் வழியே செல்ல வேண்டியிருந்ததால் தடித்த கம்பிகளை முகப்புப் பலகைவரை இழுக்க வேண்டியிருந்தது. ஓட்டுவதையே தொழிலாகக் கொள்ளாத பொதுமக்கள் கார் வாங்கத் தொடங்கியபோது எளிய அறிவிப்பு ஒன்று தேவைப்பட்டது. 1930-களில் அமெரிக்காவின் ஹட்சன் நிறுவனம் மீட்டர்களுக்குப் பதிலாக எச்சரிக்கை விளக்குகளைப் பொருத்தியது. மீட்டர் படிக்கத் தெரிந்தவர்கள் இதை 'மூடர் விளக்கு' என்று கேலி செய்தனர். பிரிட்டிஷ் கார்களிலும் சிவப்பு விளக்கு வழக்கமாயிற்று.

விளக்கு வந்ததால் ஓட்டுநருக்கு வேலை எளிதாயிற்று. கிடைக்கும் செய்தி குறைந்தது. எவ்வளவு மின்னேற்றம் நடக்கிறது என்பதை விளக்கு சொல்லாது. நடக்கிறதா, இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். பழுதறியும் கலை என்பது அந்த ஒற்றைச் சொல்லிலிருந்து காரணத்தைத் தேடிச் செல்வதாகும்.

டைனமோவும் கட்-அவுட்டும்

டைனமோ காலத்து விளக்கின் இணைப்பு மிக எளியது. விளக்கின் ஒரு முனை, சாவி வழியாகப் பேட்டரியோடு இணைக்கப்பட்டது. மறுமுனை டைனமோவின் வெளியீட்டோடு இணைக்கப்பட்டது. எஞ்சின் ஓடாதபோது டைனமோவில் அழுத்தம் இல்லை. எனவே பேட்டரியிலிருந்து மின்னோட்டம் விளக்கின் வழியே டைனமோவுக்குள் சென்று எர்த் ஆகிறது, விளக்கு எரிகிறது. எஞ்சின் ஓடி டைனமோ சுழன்றதும் அதன் மின்னழுத்தம் பேட்டரியின் அழுத்தத்துக்குச் சமமாக உயர்கிறது. விளக்கின் இருமுனையிலும் ஒரே அழுத்தம் இருந்தால் அதன் வழியே மின்னோட்டம் பாயாது, விளக்கு அணைகிறது.

ஆக, விளக்கு காட்டுவது இரண்டு மின்னழுத்தங்களுக்கு இடையிலான வேறுபாட்டை. இரண்டு வாய்க்கால்களிலும் நீர்மட்டம் ஒன்றானால் இடையிலுள்ள மடையில் நீர் ஓடாது என்பதைப் போன்றது இது. பேட்டரி நல்லதா, பழையதா என்பதை இந்த விளக்கு அறியாது. தேய்ந்துபோன பேட்டரியோடு ஓடும் வண்டியிலும் டைனமோ சரியாக இருந்தால் விளக்கு அணைந்தே இருக்கும். புத்தம் புதிய பேட்டரி இருந்தாலும் டைனமோ நின்றுவிட்டால் விளக்கு எரியும்.

டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே 'கட்-அவுட்' என்ற கருவி இருந்தது. டைனமோ மெதுவாகச் சுழலும்போது அதன் அழுத்தம் பேட்டரியைவிடக் குறைந்துவிடும். அப்போது இணைப்பைத் துண்டிக்காவிட்டால் பேட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பப் பாயும். மின்காந்தத்தால் மூடித் திறக்கும் ஒரு சிறு தொடுமுனை இதைத் தடுத்தது. அதே பெட்டியில் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் இருந்தது. தொடுமுனைகள் கருகினாலோ ஒட்டிக்கொண்டாலோ பழுது வரும். பழைய மெக்கானிக்குகள் கட்-அவுட்டின் மூடியைத் திறந்து முனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்வது அன்றாடக் காட்சி.

தமிழ்நாட்டில் டைனமோத் தொழில்

1911-ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்ட மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் பேருந்துப் போக்குவரத்திலும் உதிரிப்பாக விற்பனையிலும் வளர்ந்தது. விடுதலைக்குப் பின் சென்னையைச் சுற்றி வாகன ஆலைகள் தோன்றின. 1948-இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955-இல் அது அசோக் லேலண்டு ஆயிற்று. வண்டலூரில் ஸ்டாண்டர்டு கார்கள் உருவாயின.

இந்த வாகனங்களின் மின்சாதனங்கள் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து வந்தன. பர்மிங்காம் நகரின் லூகாஸ் நிறுவனம் அவற்றில் முதன்மையானது. 1950-களில் இந்திய அரசு, வெளிநாட்டுப் பாகங்களை இறக்கிப் பூட்டுவதை மட்டும் செய்யும் நிறுவனங்களை ஊக்குவிக்காமல், உள்நாட்டிலேயே உற்பத்தி செய்வதை வலியுறுத்தியது. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் அப்போது இந்தியாவை விட்டு வெளியேறின. உள்நாட்டில் தொடர்ந்த ஆலைகளுக்கு உள்நாட்டு உதிரிப்பாகங்கள் தேவைப்பட்டன. இச்சூழலில் 1961-இல் பிரிட்டனின் லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின. பாடியில் அமைந்த அதன் ஆலையில் டைனமோ, ஸ்டார்ட்டர் போன்றவை உற்பத்தியாயின. சென்னைவாசிகளுக்கு இன்றும் அது ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயர்.

அதே 1961-இல் இயற்றப்பட்ட தொழில் பழகுநர் சட்டம், ஆலைகள் இளைஞர்களைப் பயிற்சியில் சேர்த்துக்கொள்வதைக் கட்டாயமாக்கியது. தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக், எலெக்ட்ரீஷியன் பிரிவுகளில் படித்தவர்கள் ஒருபுறம். பட்டறையில் சிறுவயதிலேயே சேர்ந்து கைப்பழக்கத்தால் கற்றவர்கள் மறுபுறம். இந்த இரு வழிகளிலும் வந்தவர்களே நெடுஞ்சாலை ஊர்களில் காணும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கள். பேட்டரி சார்ஜ் செய்தல், ஆர்மேச்சருக்குக் காயில் கட்டுதல், கார்பன் மாற்றுதல், 'செல்ஃப்' பழுதுபார்த்தல் ஆகியவை அவர்களின் வேலை.

அவர்களின் முக்கியக் கருவி 'டெஸ்ட் லாம்ப்'. ஒரு பல்பும் இரண்டு கம்பிகளும்தான் அது. டைனமோவின் வெளியீட்டு முனையையும் காந்தப்புல முனையையும் சேர்த்து, எஞ்சினை மெதுவாக ஓட்டி, அங்கே டெஸ்ட் லாம்பைப் பிடிப்பார்கள். பல்பு நன்றாக எரிந்தால் டைனமோ நலம். பழுது கட்-அவுட் பெட்டியிலோ கம்பியிலோ இருக்கிறது. எரியாவிட்டால் டைனமோவைக் கழற்ற வேண்டும். பழுது இருக்கும் பகுதியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நீக்கிவிடும் இந்த முறை இன்றும் மாறவில்லை.

ஆல்டர்னேட்டரின் வருகை

டைனமோவின் பெரிய குறை, எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது போதிய மின்சாரம் தராது என்பதே. நெரிசலில் நிற்கும் வண்டியில் முன்விளக்கு மங்கும். அக்காலச் சிறு கார்களின் டைனமோக்கள் சுமார் 20 ஆம்பியர் அளவே தந்தன. மாறுதிசை மின்னோட்டம் தரும் ஆல்டர்னேட்டர் குறைந்த வேகத்திலும் மின்னேற்றும், எடையும் குறைவு. ஆனால் பேட்டரிக்கு நேர்திசை மின்னோட்டமே வேண்டும். 1950-களில் மலிவான சிலிக்கான் டையோடுகள் வந்த பிறகுதான் இச்சிக்கல் தீர்ந்தது. 1960-ஆம் ஆண்டின் கிரைஸ்லர் வேலியண்ட் காரில் ஆல்டர்னேட்டர் வழக்கமான பாகமாகவே வந்தது.

இந்தியாவில் மாற்றம் மெதுவாக நிகழ்ந்தது. அம்பாசடரும் பத்மினியும் பல ஆண்டுகள் டைனமோவுடனே ஓடின. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 போன்ற புதிய கார்களோடு ஆல்டர்னேட்டர் பரவலாகப் பழக்கத்துக்கு வந்தது. டையோடு ஒரு திசையில் மட்டுமே மின்சாரத்தை விடும் என்பதால் கட்-அவுட் தேவையற்றதாகிவிட்டது.

இந்த மாற்றத்தில் எச்சரிக்கை விளக்கு புதிய பணி ஒன்றை ஏற்றது. டைனமோவின் இரும்பில் தங்கியிருக்கும் மிச்சக் காந்தமே அது மின்னாக்கத்தைத் தொடங்கப் போதுமானது. ஆல்டர்னேட்டரில் அந்த மிச்சக் காந்தம் டையோடுகளின் தடையைத் தாண்டும் அளவுக்குப் போதாது. சுழலும் மின்காந்தத்துக்கு முதலில் சிறிது மின்னோட்டம் தர வேண்டும். பல ஆல்டர்னேட்டர்களில் அந்த முதல் மின்னோட்டம் எச்சரிக்கை விளக்கின் வழியாகவே செல்கிறது. ஆல்டர்னேட்டர் சுழன்று மின்னாக்கம் தொடங்கியதும், அதற்குள் உள்ள மூன்று துணை டையோடுகள் மின்காந்தத்துக்கு வேண்டியதைத் தந்துவிடும், விளக்கு அணையும்.

இதனால் வினோதமான பழுது ஒன்று பிறந்தது. விளக்கின் பல்பு உருகிப்போனால் எச்சரிக்கை மட்டும் நிற்பதில்லை. ஆல்டர்னேட்டரே மின்னாக்கத்தைத் தொடங்காமல் போகலாம், அல்லது எஞ்சினை வேகமாக முடுக்கிய பிறகே தொடங்கலாம். விளக்கு எரியவில்லை, ஆகவே எல்லாம் நலம் என்று ஓட்டுநர் நினைத்துக்கொண்டிருக்க, பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். சாவியைப் போட்டதும் விளக்கு ஒருமுறை எரிய வேண்டும் என்று பட்டறைகளில் வற்புறுத்துவது இதனால்தான்.

விளக்கைப் படிக்கும் முறை

விளக்கின் நடத்தையை வைத்தே பழுதின் இடத்தைப் பெருமளவு கணிக்கலாம்.

1. சாவி போட்டும் விளக்கு எரியவில்லை: பல்பு உருகியிருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், அல்லது ஆல்டர்னேட்டரின் கார்பன் முழுதும் தேய்ந்திருக்கலாம்.

2. எஞ்சின் ஓடியும் விளக்கு முழு ஒளியோடு எரிகிறது: மின்னாக்கம் நடக்கவில்லை. முதலில் பார்க்க வேண்டியது பெல்ட். அடுத்து ஆல்டர்னேட்டரின் பின்புற இணைப்புகள், பிறகு கார்பனும் ரெகுலேட்டரும். விளக்குக்குச் செல்லும் கம்பி எங்காவது உரசி எர்த் ஆகியிருந்தாலும் இதே நிலை ஏற்படும்.

3. மங்கலாக எரிகிறது: டையோடு ஒன்று பழுதடைந்திருக்கலாம், அல்லது ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் இடையே இணைப்பு தளர்ந்து அழுத்தம் குறையலாம்.

4. மெதுவான ஓட்டத்தில் மினுக்குகிறது: பெல்ட் தளர்வு, கார்பன் தேய்வு, அல்லது எஞ்சினின் ஐட்லிங் வேகம் மிகவும் குறைவு.

5. சாவியை எடுத்த பிறகும் எரிகிறது: டையோடு ஷார்ட் ஆகிப் பேட்டரி மின்சாரம் ஆல்டர்னேட்டருக்குள் திரும்பிப் பாய்கிறது. பேட்டரி இணைப்பை உடனே கழற்ற வேண்டும். இல்லையேல் காலையில் வண்டி கிளம்பாது, கம்பிகள் சூடாகும் அபாயமும் உண்டு.

பெல்ட்டைப் பார்ப்பது எப்போதும் முதல் வேலையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பழைய வண்டிகளில் ஒரே 'ஃபேன் பெல்ட்' டைனமோவையும் விசிறியையும் தண்ணீர் பம்பையும் சேர்த்துச் சுழற்றியது. பெல்ட் அறுந்தால் மின்னேற்றம் நிற்பதோடு எஞ்சினும் கொதித்துவிடும். சிவப்பு விளக்கு எரிந்தபடியே ஓட்டிச் சென்றவர்கள் பேட்டரியோடு எஞ்சினின் ஹெட்டையும் இழந்தது இதனால்தான். இன்றும் பல எஞ்சின்களில் தண்ணீர் பம்பு இதே பெல்ட்டில் இருக்கிறது. எனவே விளக்கோடு வெப்பமானியும் ஏறினால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். எஞ்சின் நின்ற பிறகே பெல்ட்டைத் தொட வேண்டும்.

அடுத்தது வோல்ட்மீட்டர். 12 வோல்ட் வண்டியில், நன்கு மின்னேறிய பேட்டரி எஞ்சின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் மின்னேற்றம் சரி. ஓடும்போதும் 12.6-ஐத் தாண்டாவிட்டால் பொதுவாக மின்னேற்றம் இல்லை என்று கொள்ளலாம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பேட்டரி நீர் வற்றும், பல்புகள் உருகும். இந்த மிகைமின்னேற்றத்தைப் பழைய வகை விளக்கு காட்டாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பெரிய லாரி, பேருந்துகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்த 24 வோல்ட் அமைப்பு உள்ளதால் இந்த அளவுகள் இரட்டிப்பாகும்.

பழகிய கையும் புதிய கருவியும்

டைனமோ காலத்தில் சில பட்டறைகளில் ஒரு வழக்கம் இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றிப் பார்ப்பார்கள். எஞ்சின் நிற்காமல் ஓடினால் டைனமோ நலம் என்று முடிவு. ஆல்டர்னேட்டர் வந்த பிறகு இதே சோதனை பெருங்கேடாக மாறியது. பேட்டரி என்பது மின்னழுத்த ஏற்ற இறக்கங்களைத் தாங்கும் குளம் போன்றது. மின்னேற்றம் நடக்கையில் அதைத் திடீரென்று பிரித்தால் ஆல்டர்னேட்டரின் அழுத்தம் ஒரு கணத்தில் பல மடங்கு எகிறும். முதலில் டையோடுகள் போகும். இன்றைய கார்களில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியும் போகலாம்.

வண்டியில் வெல்டிங் செய்யும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றுவது, ஜம்ப் ஸ்டார்ட் செய்கையில் முனைகள் மாறாமல் பார்ப்பது ஆகிய விதிகளும் டையோடு வந்த பின் கட்டாயமாயின. ஒரு தலைமுறைக்குப் பயன்பட்ட கைப்பழக்கம் அடுத்த தலைமுறையின் கருவியைக் கெடுக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

விளக்கு எரிந்த பின் எவ்வளவு தூரம்?

இரவில் பாலுசெட்டி சத்திரம் அருகே ஒருவரின் காரில் விளக்கு எரிகிறது. சென்னை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காரில் 40 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ளது. முன்விளக்குகள் இரண்டுக்கும் சுமார் 110 வாட். பின்விளக்குகள், எரிபொருள் பம்பு, பற்றவைப்பு, எஞ்சின் கணினி, மின்விசிறி எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 240 வாட் அளவு ஆகலாம். 12 வோல்ட்டில் இது 20 ஆம்பியர். கணக்குப்படி பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும். நடைமுறையில் பேட்டரி முழுதும் தீரும் முன்பே அழுத்தம் குறைந்து எஞ்சின் தடுமாறும். பேட்டரி பழையதானால் இன்னும் சீக்கிரம். ஒரு மணி நேரத்தை நம்புவதே துணிச்சல். குளிர்சாதனம் ஓடினால் அதுவும் இல்லை.

பழைய டீசல் வண்டிகளில் நிலைமை வேறு. இயந்திர முறையில் இயங்கும் டீசல் பம்பு கொண்ட லாரி ஒருமுறை கிளம்பிவிட்டால் பகலில் பேட்டரியின் உதவியே இல்லாமல் ஓடும். எரியும் விளக்கைப் பொருட்படுத்தாமல் அடுத்த ஊர்வரை ஓட்டிச்செல்லும் துணிவு அந்தக் காலத்தது. காமன் ரயில் டீசல் எஞ்சின்களில் ஒவ்வொரு துளி எரிபொருளையும் கணினியே தெளிக்கச் செய்வதால், மின்சாரம் தீர்ந்தால் எஞ்சினும் நின்றுவிடும். பவர் ஸ்டீயரிங் மின்சாரத்தால் இயங்கினால் அதுவும் கனத்துவிடும். நான்கு வழிச்சாலையின் நடுவே விளக்குகளும் அணைந்து நிற்கும் வண்டி, பின்னால் வரும் லாரிக்கு மரண ஆபத்து. எனவே விளக்கு எரிந்ததும் தேவையற்ற மின்சுமைகளை நிறுத்திவிட்டு, வெளிச்சமுள்ள அருகிலுள்ள இடத்துக்குச் செல்வதே அறிவுடைமை. முன்விளக்கை மட்டும் அணைக்கக் கூடாது. வழியில் எஞ்சினை நிறுத்தினால் மீண்டும் கிளம்பாமல் போகலாம்.

கணினியும் மின்சார வாகனமும்

அண்மைக்காலக் கார்களில் விளக்கின் இணைப்பே மாறிவிட்டது. இரண்டு அழுத்தங்களுக்கு நடுவே பல்பு நிற்பதில்லை. ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் எஞ்சின் கணினிக்குச் செய்தி அனுப்புகிறது. கணினி முடிவெடுத்து முகப்புப் பலகையின் எல்.இ.டி. விளக்கை ஏற்றுகிறது. இதனால் மிகைமின்னேற்றம் போன்ற பழுதுகளையும் அறிவிக்க முடிகிறது. எரிபொருளை மிச்சப்படுத்த, சீரான ஓட்டத்தில் கணினியே மின்னேற்றத்தைக் குறைத்துவைப்பதும் உண்டு. அப்போது வோல்ட்மீட்டர் 12.6-க்கு அருகில் காட்டினால் அது பழுதன்று; முன்விளக்கைப் போட்டு அழுத்தம் உயர்கிறதா என்று பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

மின்சாரக் கார்களில் ஆல்டர்னேட்டரும் பெல்ட்டும் இல்லை. ஆயினும் விளக்கு, ஹாரன், கணினி ஆகியவற்றுக்காகச் சிறு 12 வோல்ட் பேட்டரி பெரும்பாலானவற்றில் தொடர்கிறது. பெரிய பேட்டரியின் உயர் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் மாற்றி ஒன்று அதற்கு மின்னேற்றுகிறது. அது நின்றால் அதே பழைய சிவப்புப் படம் எரியும். பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் சிறிய பேட்டரி தீர்ந்ததால் வண்டி அசையாமல் நிற்பது இக்காலத்துப் புதுப் பழுது.

ஒரு விளக்கு, பல பெயர்கள்

இவ்விளக்கின் பெயர்களிலும் வரலாறு உள்ளது. பிரிட்டிஷ் கையேடுகள் இதை 'இக்னிஷன் எச்சரிக்கை விளக்கு' என்றன. சாவியை அணைக்க மறந்தால் பற்றவைப்புச் சுருள் சூடாகும் என்பதால், மறதியை நினைவூட்டுவதும் அதன் பணியாக இருந்தது. அமெரிக்கக் கார்களில் 'ஜெனரேட்டர்' என்ற பெயர் வழங்கியது. பின்னர் ஐ.எஸ்.ஓ. 2575 என்னும் பன்னாட்டுத் தரத்தின் குறியீடுகள் பரவியபோது, எந்த மொழியினரும் அறியும்படி பேட்டரியின் படம் நிலைபெற்றது. மொழித்தடை நீங்கியது, ஆனால் பொருள் திரிந்தது. படம் பேட்டரியைக் காட்ட, விளக்கு மின்னாக்கத்தைப் பற்றிப் பேசுகிறது.

தமிழகப் பட்டறைகளில் இதற்கு வழங்கும் பெயர் 'சார்ஜிங் லைட்'. மேற்கண்ட பெயர்கள் அனைத்திலும் விளக்கின் உண்மையான வேலைக்கு மிக நெருக்கமானது இதுவே. சார்ஜ் ஏறுகிறதா, இல்லையா என்ற கேள்விக்கு மட்டுமே விளக்கு விடை சொல்கிறது. அதை அறிந்தவர் விளக்கு எரிந்ததும் பேட்டரிக் கடையைத் தேடிப் போகமாட்டார். எஞ்சினை நிறுத்தி, முதலில் பெல்ட்டைப் பார்ப்பார்.